மூன்று புத்தகம் வாங்கியும் ஒரு கேம் கூட வரவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. சொந்த ஊர் ஆம்பூர். பெங்களூரில் மாரத்தஹள்ளி பக்கம் பி.ஜி.யில் தங்கி சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். கேம் டிசைனர் ஆக வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கேம் டிசைன் பற்றி ஜெஸ்ஸி ஷெல் எழுதிய 'தி ஆர்ட் ஆஃப் கேம் டிசைன்', ராஃப் கோஸ்டர் எழுதிய 'எ தியரி ஆஃப் ஃபன்' இரண்டையும் முழுக்கப் படித்துவிட்டேன், 'ரூல்ஸ் ஆஃப் பிளே' பாதியில் நிற்கிறது. இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு எடுத்திருக்கிறேன். ஆனால் சொந்தமாக ஒரு கேம் யோசிக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. ஆங்கிலம் பல இடங்களில் புரியவில்லை, அவர்கள் உதாரணம் சொல்கிற கேம்களில் பாதியை நான் ஆடியதே இல்லை. புத்தகம் படித்து இதைக் கற்க முடியுமா? அடுத்து எதை வாங்கலாம்? இல்லை, லட்சக்கணக்கில் கட்டி கோர்ஸில் சேர வேண்டுமா? வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்கலாமா?

பதில்: முடியும், தம்பி. இந்தத் துறையில் இருக்கும் பலரும் புத்தகத்தையும் கையையும் வைத்துத்தான் கற்றார்கள், கற்றுக்கொடுக்க ஆளில்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை. ஆனால் நீங்கள் படிக்கிற வரிசை தலைகீழாக இருக்கிறது. எல்லாவற்றையும் முதலில் படித்து முடித்துவிடலாம், அப்புறம் கேம் செய்யலாம் என்று இருக்கிறீர்கள். பாடம் முதலில், பரீட்சை பிறகு என்று பள்ளிக்கூடம் பழக்கிவிட்டதால் வந்தது இது. கையில் ஒரு ஆட்டம் இருந்து, அதில் எங்கோ ஏதோ சரியில்லாமல் போய், ஏன் என்று பிடிபடாமல் நிற்கிறாரே, அவரை மனதில் வைத்து எழுதிய புத்தகங்கள் இவை. உங்கள் கையில் இன்னும் அந்த ஆட்டம் இல்லை, அதனால்தான் நோட்டு நிறைந்தும் ஒன்றும் ஓடாமல் இருக்கிறது.

ஷெல் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008ல் முதல் பதிப்பு வந்தபோது அதில் 100 லென்ஸ்கள் இருந்தன. ஒவ்வொரு லென்ஸும் சில கேள்விகள்தான்: ஆடுபவரை இதில் எது ஆச்சரியப்படுத்தும், எதைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆவல் வரும், இப்படி. இந்தக் கேள்விகளை உங்கள் ஆட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஆட்டமே இல்லாதபோது யாரைக் கேட்பது? நூறையும் நோட்டில் எழுதி வைத்தால் எழுத்துப் பயிற்சி ஆகும், அவ்வளவுதான்.

கோஸ்டர் புத்தகம் 2004ல் வந்தது, அதன் சாரம் உங்களுக்கே தெரியும். ஒரு ஒழுங்கை மூளை பிடித்துக்கொள்ளும்போது வருகிற மகிழ்ச்சியைத்தான் நாம் ஜாலி என்கிறோம், பிடித்து முடித்ததும் சலிப்பு வந்துவிடுகிறது. பள்ளியில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எக்ஸ்-ஓ ஆடுவோமே, ஒரு வயதுக்கு மேல் யாரும் ஆடுவதில்லை, ஏனென்றால் இருவரும் தவறு செய்யாமல் ஆடினால் எப்போதும் டிராதான் என்பது ஒரு நாள் தெரிந்துவிடுகிறது. படித்தபோது 'ஆமாம், சரிதானே' என்று தலையாட்டியிருப்பீர்கள். சரி, அந்த எக்ஸ்-ஓவை எடுத்து, பத்து வயதுப் பையனுக்கு மறுபடி சுவாரசியமாகிற மாதிரி ஒரே ஒரு விதியை மாற்றுங்கள் என்று சொன்னால்? அந்த இடத்தில்தான் கற்பது ஆரம்பிக்கிறது, புத்தகத்தின் அந்தப் பக்கம் அப்போதுதான் உங்களுக்கு நிஜமாகவே தேவைப்படும்.

அதனால் சொந்த கேம் யோசிப்பதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வெற்றுத் தாளைப் பார்த்து உட்கார்ந்தால் இந்தத் துறையில் பழுத்தவர்களுக்கும் ஒன்றும் வராது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டம் ஒன்றை எடுத்து ஒரு விதியை மாற்றுங்கள். நான் தாயத்தைச் சொல்வேன்.

தாயத்தில் எல்லோருக்கும் எரிச்சல் வருகிற இடம் எது? தாயம், அதாவது ஒன்று, விழாமல் காயை இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது. அது எவ்வளவு மோசம் என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு கட்டைக்கு 4 முகம், ஒன்று வெற்று, மற்றவை 1, 2, 3 புள்ளி. இரண்டு கட்டை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம், இரண்டு 3 விதம், மூன்று 4 விதம், நான்கு 3 விதம், ஐந்து 2 விதம், ஆறு 1, இரண்டுமே வெற்றாக விழுகிற பன்னிரண்டு 1. உங்கள் வீட்டில் காய் இறங்குவதற்கு முன்னாலும் 5, 6, 12க்கு மறுபடி உருட்டலாம் என்றால், அந்த 4 விதமும் கட்டையை உங்கள் கைக்கே திருப்பித் தருகின்றன, அவற்றைக் கழித்துவிட்டால் மீதி 12ல் தாயம் 2. அதாவது ஒரு சுற்றில் காய் இறங்கும் வாய்ப்பு 6ல் 1. லூடோவில் ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும் என்கிறோமே, சரியாக அதே வாய்ப்பு! இரண்டு ஆட்டத்துக்கும் கட்டை வேறு, எண்கள் வேறு, ஆனால் காத்திருக்கிற வேதனையின் அளவு ஒன்றுதான். இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இன்னும் கொஞ்சம் போங்கள். ஆறு சுற்று முடிந்தும் தாயமே விழாமல் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. நான்கு பேர் ஆடினால், ஆறு சுற்றுக்குப் பிறகும் யாராவது ஒருவர் காய் இறங்காமல் உட்கார்ந்திருக்க 80 சதவீத வாய்ப்பு. வீட்டில் எப்போதும் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தற்செயல் இல்லை, விதியே அப்படி.

இப்போது விதியை மாற்றுங்கள். தாயம் விழுந்தாலும் சரி, ஐந்து விழுந்தாலும் சரி, காய் இறங்கலாம் என்று வையுங்கள். ஒரு சுற்றில் இறங்கும் வாய்ப்பு 7ல் 2 ஆகிவிடும், அந்த 80 சதவீதம் சுமார் 43க்கு இறங்கிவிடும். கணக்கில் நல்ல முன்னேற்றம். ஆனால் நான்கு பேரை உட்கார வைத்து ஆடிப் பாருங்கள், வேறு ஏதோ ஒன்று போயிருக்கும். ரொம்ப நேரம் விழாமல் இருந்து கடைசியில் தாயம் விழும்போது சுற்றி இருக்கும் எல்லோரும் கத்துவார்களே, அந்தக் கத்தல் குறைந்திருக்கும். காத்திருப்பு வெறும் குறை என்று நினைத்தீர்கள், அந்தக் கத்தலுக்கான விலையும் அதில்தான் இருந்தது. சரி, அப்படியானால் காத்திருப்பைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு எல்லை மட்டும் போடலாமா? மூன்று சுற்று விழாதவர் நான்காவது சுற்றில் தானாக இறங்கட்டும் என்று வைத்தால்? அதையும் ஆடிப் பாருங்கள். இரண்டு விதியில் எதை வைத்துக்கொள்வது என்று குழம்பி நிற்கும் அந்த நேரத்தில் ஷெல் புத்தகத்தை எடுத்து, நிகழ்தகவு பற்றியும் சமநிலை பற்றியும் அவர் எழுதியிருக்கும் பக்கங்களை மட்டும் படியுங்கள். போன தடவை படித்த அதே பக்கங்களா இவை என்று இருக்கும்.

இதோடு ஒரு சின்னக் கட்டுரையையும் படித்துவிடுங்கள். ராபின் ஹுனிக்கே, மார்க் லெபிளாங்க், ராபர்ட் சுபெக் மூவரும் 2004ல் எழுதியது, எம்.டி.ஏ. என்று சொல்வார்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, சில பக்கங்கள்தான். அது சொல்வது இதுதான்: டிசைனர் தொட முடிவது விதிகளை மட்டும், அந்த விதிகள் ஓடும்போது சில நிலைமைகள் உருவாகின்றன, அந்த நிலைமைகளிலிருந்து ஆடுபவருக்கு உணர்ச்சி வருகிறது. ஆடுபவருக்கோ உணர்ச்சிதான் முதலில் தெரியும், விதி கடைசியில். தாயத்தில் இப்போதுதான் இதை நீங்கள் கையால் செய்து பார்த்தீர்கள்: ஒரு விதியைத் தொட்டீர்கள், சுற்றுகளின் எண்ணிக்கை மாறியது, கத்தல் குறைந்தது. நேரடியாகக் கத்தலைக் கூட்டவோ குறைக்கவோ உங்களால் முடியாது. நான் வேலையில் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஒரு சங்கடத்தோடுதான் போகிறது.

ஆடாத கேம்களை உதாரணம் காட்டுகிறார்கள் என்றீர்களே, அது நியாயமான கஷ்டம். யூடியூபில் யாரோ ஆடுவதைப் பார்த்து அதை ஈடுகட்ட முடியாது. அந்த உதாரணத்தை அடித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த ஆட்டத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். இரு தரப்புக்கும் வேறு வேறு பலம் என்று பேசுகிறார்களா, ஆடுபுலி ஆட்டம் இருக்கிறது: 3 புலி, 15 ஆடு, புலி தாண்டி வெட்டும், ஆடு வழியை அடைக்கும், இரண்டு பேரும் ஒரே கட்டத்தில் வேறு வேறு ஆட்டம் ஆடுகிறார்கள். இரண்டு ஆட்டைக் குறைத்து ஆடிப் பாருங்கள், இரண்டைக் கூட்டியும் ஆடிப் பாருங்கள், பக்கம் மாற்றி மாற்றிப் பல ஆட்டம் ஆடினால்தான் தெரியும், ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஜெயிப்பவர் மேலும் மேலும் ஜெயிக்கிற சுழற்சி பற்றிப் பேசுகிறார்களா, பல்லாங்குழி இருக்கிறது. முதல் சுற்றில் காய் இழந்தவர் அடுத்த சுற்றில் தன் குழிகளையே நிரப்ப முடியாமல் நிற்பார், குழி குறையக் குறைய மீண்டு வருவது கஷ்டமாகிவிடும். தோற்பவருக்குக் கை கொடுக்க ஒரு விதி சேருங்கள், ஆனால் நன்றாக ஆடியவருக்கு 'இது அநியாயம்' என்று தோன்றக் கூடாது. இது லேசான வேலை இல்லை, ஒரு மாதம் இதிலேயே போனாலும் போகட்டும்.

நீங்கள் பெங்களூரில் இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. உங்கள் பி.ஜி.யில் கன்னடக்காரப் பையன்கள் இருப்பார்களே, அவர்கள் வீட்டில் சௌக்காபாரா ஆடியிருப்பார்கள், 5க்கு 5 கட்டம், கட்டைக்குப் பதில் சோழி, நம் தாயத்துக்குக் கூடப்பிறந்தது மாதிரி. பல்லாங்குழியை அவர்கள் அளகுளி மணை என்பார்கள், ஆடுபுலியும் அவர்களிடம் உண்டு. இரண்டு வீட்டு விதியையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள், எங்கே வேறுபடுகிறது, அதனால் ஆட்டத்தின் வேகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். சோழி விழுவதும் கட்டை விழுவதும் ஒரே மாதிரி இல்லை, குப்புற விழவும் மல்லாக்க விழவும் சோழிக்கு ஒரே அளவு வாய்ப்பு கிடையாது, நூறு தடவை உருட்டி எண்ணிப் பார்த்தால்தான் உங்கள் சோழியின் குணம் தெரியும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் உங்களுக்காக எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது உங்கள் வேலை. கடிதத்தில் அதை ஏதோ தடை மாதிரி எழுதியிருந்தீர்கள், நான் அதைப் பெரிய சொத்து என்பேன். மென்பொருளில் பிழை கண்டால் பக் ரிப்போர்ட் எப்படி எழுதுவீர்கள்? என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. பிளேடெஸ்ட், அதாவது உங்கள் ஆட்டத்தை மற்றவர்களை ஆட வைத்துப் பார்ப்பது, அதன் குறிப்பும் அப்படியேதான் எழுத வேண்டும். உங்கள் விதியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். ரொம்பக் கஷ்டமாக இருக்கும், 'அப்படி இல்லைப்பா, இந்த மாதிரி' என்று வாய் வரை வந்துவிடும், வாயைத் திறக்காதீர்கள். எந்த விதியை இரண்டு தடவை கேட்டார்கள், யார் எந்த நேரத்தில் போனைக் கையில் எடுத்தார்கள், யார் தன் முறை வந்ததே தெரியாமல் இருந்தார்கள், எப்போது முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள், இவற்றை எழுதுங்கள். முடிந்ததும் 'நல்லா இருந்துச்சு' என்பார்கள், அது உங்கள் மேல் இருக்கும் பிரியம், அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம். 'இன்னொரு ஆட்டம் போடலாமா' என்று அவர்களாகக் கேட்டார்களா என்பதைச் சேருங்கள். ஆபீஸ் கேன்டீன், ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க், அல்சூர் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்கள் வீட்டுத் திண்ணை, எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். ஒரே நண்பர்களையே திரும்பத் திரும்ப உட்கார வைக்காதீர்கள், அவர்களுக்கு உங்கள் விதி பழகிவிடும், புதிதாக வருபவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது அவர்களிடம் தெரியாது.

ஆங்கிலத்துக்கு ஒன்று சொல்கிறேன். புரியாத பக்கத்தோடு மல்லுக்கட்டாதீர்கள், தாண்டிப் போங்கள், தேவை வரும்போது திரும்பி வருவீர்கள். குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். இதுவரை எடுத்த குறிப்பு ஆங்கில வரிகளை அப்படியே பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இனிமேல் ஒரு பகுதி படித்தால் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் தாயம் பற்றி அது என்ன சொல்கிறது என்று நாலு வரி தமிழில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்தப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடலாம். அதே மாதிரி ஆட்டத்தின் விதிகளையும் தமிழில், ஆம்பூரில் உங்கள் அம்மா படித்து யார் உதவியும் இல்லாமல் ஆடுகிற அளவுக்குத் தெளிவாக எழுதிப் பழகுங்கள், டிசைன் டாக்குமென்ட் எழுதுகிற பயிற்சி அதுதான்.

புத்தகமும் தாளும் தர முடியாத ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பட்டனை அழுத்தியதும் திரையில் கதாபாத்திரம் குதிக்கிறதே, அந்தக் குதிப்பு கைக்கு எப்படி இருக்கிறது என்பது. 1985ல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், ஒரு எழுத்துக் கூட இல்லாமல், எதிரே நடந்து வருகிற முதல் எதிரியை வைத்தே குதிக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறது என்று. உண்மைதான், ஆனால் அதைப் படிப்பதால் உங்கள் கை ஒன்றையும் கற்காது. தாளில் இரண்டு மூன்று ஆட்டம் சரிசெய்த பிறகு கேம் செய்ய உதவும் மென்பொருளான கோடோட்டை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான், ஒரு சதுரம் குதிக்கிற மாதிரி மட்டும் செய்து, குதிக்கும் உயரத்தையும் விழும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கதை, படம், இசை எதுவும் வேண்டாம்.

அடுத்த புத்தகம் கேட்டிருந்தீர்கள். 'ரூல்ஸ் ஆஃப் பிளே'யை மூடி வையுங்கள். கேட்டி சாலனும் எரிக் சிம்மர்மனும் எழுதிய அருமையான புத்தகம், எம்.ஐ.டி. பிரஸ் வெளியீடு, 600 பக்கத்துக்கு மேல், ஆனால் அது ஆட்டம் என்றால் என்ன என்று அடிப்படையிலிருந்து யோசிக்கிறவர்களுக்கானது, இரண்டு வருடம் கழித்து எடுத்தால் பிடித்துப்போகும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ட்ரேசி ஃபுல்லர்டனின் 'கேம் டிசைன் வொர்க்‌ஷாப்' ஒன்று போதும், சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பழைய பதிப்பு கிடைத்தாலும் குறையில்லை. அதில் இடையிடையே பயிற்சிகள் வரும், பலரும் அவற்றைத் தாண்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் பயிற்சியைச் செய்யுங்கள், வேண்டுமானால் பத்தியைத் தாண்டுங்கள்.

கோர்ஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கடன் வாங்கி லட்சங்களைக் கட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: போன வருட மாணவர்கள் முடித்த கேம்களை நான் ஆடிப் பார்க்கலாமா, மாணவர்கள் செய்ததை வெளியாட்கள் ஆடி எத்தனை முறை கருத்துச் சொல்கிறார்கள். முதல் கேள்விக்கே பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். முறையாகப் படிக்கத்தான் ஆசை என்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் முதுகலைப் படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், நான் சொன்ன தாயம் வேலையெல்லாம் அதற்கும் உதவும்.

வேலையை மட்டும் இப்போது விடாதீர்கள். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது, அந்தப் பக்கம் இருந்த பலர் இந்த ஊரிலேயே வேலை இழந்தார்கள், நல்ல அனுபவசாலிகள், அவர்களும் இதே வேலைகளைத் தேடுகிறார்கள். இந்த நேரத்தில் கையில் ஒன்றுமில்லாமல் வரிசையில் போய் நிற்க வேண்டாம். ஆள் எடுக்க உட்கார்கிறபோது நான் யாரிடமும் என்ன புத்தகம் படித்தாய் என்று கேட்பதில்லை. ஒரு ஆட்டத்தை எடுத்து, இந்த விதியை இந்தக் காரணத்துக்காக மாற்றினேன், இத்தனை பேர் ஆடினார்கள், நான் நினைத்தது நடக்கவில்லை, அதனால் மறுபடி இப்படி மாற்றினேன் என்று இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதிக்கொண்டு வருபவரோடு ஒரு மணி நேரம் பேசத் தயார். அப்படி மூன்று எழுதிவிட்டீர்கள் என்றால், கேம் நிறுவனங்களில் டெஸ்டிங் வேலைக்கு முதலில் முயற்சி செய்யுங்கள், உங்கள் அனுபவத்துக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறக்கும், அங்கிருந்து டிசைன் பக்கம் போனவர்கள் நிறைய பேர் உண்டு.

தாயத்தில் நீங்கள் மாற்றிய விதியையும் ஆடியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள், தமிழிலேயே அனுப்புங்கள். படித்துவிட்டு எந்தப் பக்கத்தைத் திறக்கலாம் என்று சொல்கிறேன்.